திரையின் இடது ஓரம்

யுவனேஸ்வரிக்குத் தேயிலை ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. வேலை முடிந்து வந்ததும் கணினி முன் உட்கார்ந்துவிடுவாள். ஐவர் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில், அவள் குழு ஒரு போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் கொஞ்ச நாளாக, இடப்பக்கமிருந்து வரும் எதிரிகளை அவள் கவனிப்பதற்குள் அவர்கள் அவளைச் சுட்டுவிடுகிறார்கள். திரையின் அந்த ஓரத்தில் ஏதோ நிழல். மானிட்டர் பழசு, அதுதான் கோளாறு என்று நினைத்தாள்.

அண்ணன் புவனேஸைக் கூட்டிக்கொண்டு தானா ராத்தா நகரிலுள்ள கணினிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் மூன்று மானிட்டர்களில் விளையாட்டை ஓடவிட்டார். ஒன்று வளைந்தது, ஒன்று அகலமானது, ஒன்று சின்னது. சின்னதில்தான் வேகம் அதிகம் என்றார். அவள் ஒன்றின் முன் உட்கார்ந்தாள், எழுந்தாள், அடுத்ததற்குப் போனாள், மறுபடி முதலாவதற்கே வந்தாள். வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னாள், குறைக்கச் சொன்னாள்.

"எல்லாத்துலயும் அந்த ஓரம் மங்கலா இருக்குண்ணே."

புவனேஸுக்கு எல்லாமே பளிச்சென்று தெரிந்தன. கோளாறு மானிட்டரில் இல்லையோ என்று அவனுக்குப் பட்டது.

"வலது கண்ண மூடு. ரோட்டுல அந்த லோரியப் பாரு."

மூடிப் பார்த்தாள். காய்கறி லோரியின் இடப்பாதி கறுப்புத் துணி போர்த்தியதுபோல் இருந்தது.

"பாதி லோரிதான் தெரியுது."

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனார்கள். கண்ணுக்குள் விழித்திரை பிரிந்துகொண்டிருக்கிறது, இன்றே ஈப்போவிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார் டாக்டர். மலையிறங்கும் வழியெல்லாம் அவள் ஒரு கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். இன்னும் எவ்வளவு தெரிகிறது என்று கேட்கப் புவனேஸ் பயந்தான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கண்ணுக்குள் செலுத்திய வாயு விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காகக் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது. விரல்கள் மெத்தையைத் தட்டிக்கொண்டே இருந்தன. போட்டியன்று குழுவினர் பேசிக்கொள்வதைக் கைப்பேசியில் கேட்டாள். அவளுக்குப் பதிலாக ஆடியவன் தடுமாறினான். முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அழக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை, அதனால் அழுதாள்.

பார்வை பெரும்பாலும் திரும்பியது. கடைக்கோடியில் மட்டும் கொஞ்சம் மங்கல். டாக்டர் அனுமதித்த பிறகு, தலையைத் திருப்பாமலே முழுவதும் கண்ணுக்குள் அடங்கும் சின்ன மானிட்டரை வாங்கினாள்.

அன்று மாலை குழுவில் சேர்ந்தபோது, கொஞ்ச நாளைக்கு மாற்று ஆளாக இருக்கச் சொன்னார்கள். சரி என்றாள். ஆனால் நாற்காலியில் நிலைகொள்ளவில்லை.

"இன்னிக்கே ஒரு ரவுண்டு குடுங்கலா," என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.