பன்னிரண்டும் சரி

குப்பையைக் கண்டால் அந்த டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. பாட்டில் மூடி, ஐஸ் குச்சி, முட்டை அட்டை, அறுந்த செருப்பு வார், எதுவானாலும் கழுவிக் காயவைத்து மறுநாள் பாடமாக்கிவிடுவாள். "தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க" என்று பெற்றோரிடம் வெட்கமே இல்லாமல் கேட்பாள். அவர்களும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆயாம்மாவுக்குத்தான் எரிச்சல்.

"நான் ஒரு பக்கம் கூட்டித் தள்ளுறேன், நீங்க ஒரு பக்கம் அள்ளிட்டு வர்றீங்க. விளங்கிடும்!"

சும்மா சொல்லக் கூடாது, அவள் வகுப்பில் பிள்ளைகள் அழுது யாரும் பார்த்ததில்லை. நாலு வயசு வாண்டுகள். மூடிக்கு மூடி ஜோடி சேர்ப்பதும், குச்சிகளை நீளப்படி அடுக்குவதும், கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே பெயர் சொல்வதுமாக, மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சாமான்களை வைக்கும் எல்லாத் தட்டுக்கும் ஒரே சட்டம். தட்டின் விளிம்பில் ஓர் எண் எழுதியிருக்கும். எடுக்கும்போது எண்ண வேண்டும், திருப்பி வைக்கும்போதும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் வகுப்பு அங்கேயே நின்றுவிடும். பாயை உதறி, பைகளைக் கவிழ்த்து, ஒவ்வொரு பிள்ளையையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கிடைத்த பிறகுதான் அடுத்த வேலை. அதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

புதிதாகச் செய்த தட்டு, மினுங்குவதையும் மினுங்காததையும் பிரித்து வைப்பதற்கு. மினுங்குகிற பக்கத்துக்குப் பன்னிரண்டு. சட்டை பட்டன் சில. மீதி, ஓடாத பொம்மைகளிலிருந்து அவள் நெம்பி எடுத்த, காசு மாதிரியான சின்ன வட்ட பேட்டரிகள். செத்த பேட்டரி என்ன செய்துவிடப்போகிறது என்று நினைத்தாள். நினைத்தாளே ஒழிய யாரையும் கேட்கவில்லை.

புதன்கிழமை, பக்கத்துப் பள்ளிகளின் டீச்சர்கள் எட்டுப் பேர் அவள் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். பெரிய மேடம் அவர்களை அழைத்துவந்து சுவரோரம் உட்கார வைத்தார். பிள்ளைகள் அன்றைக்குப் பார்த்து அப்படியொரு சமர்த்து. எட்டுப் பேரும் போனை எடுத்துப் படம் பிடிக்க, டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் எண்ணும் நேரம் வந்தது. புதுத் தட்டை எண்ணினாள். பதினொன்று. இன்னொரு தடவை எண்ணினாள். அப்போதும் பதினொன்றுதான்.

இத்தனை பேர் முன்னால் பாயை உதறுவதா? இத்தனை நேரம் எடுத்த நல்ல பெயர் என்னாவது? உபரியாகக் கிடந்த ஒரு பேட்டரி அவள் சுடிதார் பையில் இருந்தது. யாரும் பார்க்காமல் அதைத் தட்டில் நழுவவிட்டு, "பன்னிரண்டும் சரி!" என்றாள். பிள்ளைகள் கைதட்டின. விருந்தாளிகளும் தட்டினார்கள். விட்டுப்போனது எங்கேயாவது பாய்க்கடியில் கிடக்கும், சாயங்காலம் தேடலாம் என்றிருந்தவள், சாயங்காலம் கிடைத்த பாராட்டில் அதையும் மறந்துபோனாள். அறிவு கெட்டவள்.

வியாழக்கிழமை பட்டாணி வரவில்லை. அந்த வகுப்பிலேயே சின்னவள், அதனால் அந்தப் பெயர். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற அவள் அம்மா போன் செய்தாள். "எது குடுத்தாலும் வாந்தி எடுக்குறா டீச்சர். தொண்டையில புண்ணாம், டாக்டர் மருந்து குடுத்திருக்காரு." உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீச்சர் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில், வந்துபோன எட்டுப் பேரில் ஒருத்தி கூப்பிட்டாள். எண்ணி முடித்த பிறகு, மாதிரிக்கென்று தட்டிலிருந்து ஒரு பேட்டரியைக் கேட்டு வாங்கிப்போனவள்.

"தப்பா நினைக்காதீங்க. என் வீட்டுக்காரர் வாட்ச் ரிப்பேர் பண்றவரு. இதைப் பார்த்துட்டுப் பதறிட்டாரு. செத்த பேட்டரின்னாலும், முழுங்கிட்டா உள்ளேயே சுட்டுப் பொத்துடுமாம். உடனே எடுத்துடுங்க."

புதன்கிழமை குறைந்த அந்த ஒன்றும் பட்டாணியின் வாந்தியும் டீச்சருக்குச் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. பாயைப் புரட்டினாள், அலமாரியை இழுத்தாள், ஆயாம்மாவை உலுக்கி உலுக்கிக் கேட்டாள். எங்கும் இல்லை. பெரிய மேடத்திடம் ஓடினாள்.

"எங்கேயாவது உருண்டு போயிருக்கும்" என்றார் மேடம். "குழந்தைக்குத் தொண்டைப் புண்ணுன்னு டாக்டரே சொல்லியாச்சு. நீ போய் எதையாவது உளறி வைக்காதே. ஸ்கூல் பேரு என்னாகும்?"

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. பட்டாணியின் அம்மா போனை எடுக்காததால் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினாள். அம்மாக்காரி லீவு போட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் கிடத்தியிருந்தாள். "பார்க்கணும்னு வந்தீங்களா டீச்சர், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்தாள். பட்டாணியின் வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது, அதில் லேசாகச் சிவப்பு.

"உக்கார நேரமில்லம்மா. பேட்டரியை முழுங்கியிருப்பாளோன்னு பயமா இருக்கு. தூக்குங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

எக்ஸ்ரேயில் தொண்டைக்குக் கீழே ஒரு வட்டம் வெள்ளையாகத் தெரிந்தது. எப்போது முழுங்கினாள் என்று டாக்டர் கேட்டார். "புதன்கிழமை, பதினோரு மணி" என்றாள் டீச்சர். அவர் பிள்ளையை உள்ளே எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் போனது. அம்மாக்காரி சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்கே சொன்னா டீச்சர். பள பளன்னு ஒண்ணை முழுங்கிட்டேன்னு சொன்னா. நான் பதறிப்போய், டீச்சர் எண்ணலையான்னு கேட்டேன். எண்ணினாங்க, பன்னெண்டும் சரின்னாங்க, எல்லாரும் கைதட்டினோம்னு சொல்றா. நீங்க எண்ணினா சரியாத்தானே இருக்கும்? பொய்யாடி சொல்றேன்னு கன்னத்துல ஒண்ணு வெச்சேன். அழுதுக்கிட்டே தூங்கிட்டா." பிறகு திரும்பினாள். "பன்னெண்டும் இருந்துச்சுல்ல? அப்போ இது எங்கேருந்து வந்துச்சு டீச்சர்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் கிடந்த எதையோ முழுங்கியிருக்கிறாள் என்று பழி அந்த வீட்டோடு போய்விடும். பார்த்த கண் எதுவும் இல்லை. பக்கத்தில், இஸ்திரிச் சூட்டில் தழும்பேறிய அந்தக் கைகள் பிள்ளையின் ஒற்றைச் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"பதினொண்ணுதாம்மா இருந்துச்சு" என்றாள். "எனக்குத் தெரியும். வந்தவங்க முன்னாடி மானம் போயிடும்னு இன்னொண்ணை நான்தான் போட்டேன். போட்டுட்டு, சரின்னு சொன்னேன்."

அம்மாக்காரி வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பேட்டரியை எடுத்துவிட்டார்களாம். ஆனால் அது பக்கத்திலிருந்த பெரிய ரத்தக் குழாய் வரைக்கும் அரித்திருந்ததாம். ரத்தத்தை நிறுத்தவே முடியவில்லை என்றார். எங்களால் ஆனதைச் செய்தோம் என்றார்.

அம்மாக்காரி அவரைப் பார்க்கவில்லை. டீச்சரையே பார்த்தாள்.

"அப்போ என் பொண்ணு பொய் சொல்லல" என்றாள்.