ஒடீல் வெட்டவிடாத நார்

1.

இந்தக் கதை ஒரு திருட்டு வேலையில் பிறந்தது. செய்தவன் நான்தான், பெயர் தவா. பிரான்சில், நோர்மண்டியில், பதினாறு வருடமாக வீடு கட்டும் மண்கல் அறுக்கிறேன். எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை விட்ட வயலில் ஆளிச்செடிகள் நீலமாகப் பூத்து..." சீ, பூவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2.

ஒடீல் லினன் நூல் எடுக்கும் ஆளிச்செடி பயிரிடுகிறவள், வயது அறுபத்திரண்டு. நிலத்தை மகனிடம் விட்டுவிட்டுத் தனக்கென்று ஒரு வீடு கட்டுகிறாள், தன் வயல் மண்ணிலும் தன் செடியின் நாரிலும். நார் கலந்தால் மண்கல் காயும்போது வெடிக்காது. ஆனால் விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். நீளமாகப் போட்டால் சுருண்டு உருண்டையாகி, கல்லின் நடுவில் பொந்து விழும்.

(விளக்கம் கூடிவிட்டது. கிடக்கட்டும்.)

"நறுக்கோணும்" என்றேன். (பேசுவது பிரெஞ்சில்தான், எழுதுவது என் ஊர்த் தமிழில்.)

"உமக்கென்ன விசரே, தவா? முப்பது வருஷமா ஒரு இழை முறியாமப் பாத்தனான். லினன் துணிக்குப் போற நார் இது. கீரை மாதிரி அரியச் சொல்லுறீரோ?"

"கழிவு நார் இருக்குதானே, அதைத் தாங்கோவன்."

"என்ர வீட்டுக்குக் கழிவோ?"

இந்த இடத்தில் அவளைப் பிடிவாதக்காரியாக எழுதிப் பார்த்தேன். பொய். அவளுக்குத் தன் நாரில் பெருமை, எனக்கு எதிர்த்துப் பேசப் பயம். அவ்வளவுதான்.

3.

நகரசபையில் பரிசோதனைக்கு மூன்று கல் கேட்டார்கள். தேறாவிட்டால் கட்ட அனுமதி இல்லை. ஒடீல் ஊரில் இல்லாத நாளில் நாரை நறுக்கி மூன்று கல் அறுத்தேன். காய்ந்ததும் அவற்றையே அனுப்பினேன். தேறின. ஒடீல் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு ஒரு போத்தல் சைடர், ஆப்பிள் மது, தந்தாள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

சுவருக்குப் போனவை அவள் சொன்னபடி நாரை நறுக்காமல் அறுத்த கற்கள். நாளை அதன் மேல் கூரை மரம் ஏறுகிறது.

4.

முடிவு அ: வீடு நூறு வருடம் நிற்கிறது. (நிற்கலாம். எல்லாக் கல்லிலும் பொந்து இருக்காது.)

முடிவு ஆ: ஒரு மாரிகாலத்தில், அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போது

இல்லை, இதை என்னால் எழுத முடியாது.

5.

தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், ஒடீலால் வாசிக்க முடியாது என்பதுதான். இப்போது அவளே வாசலில் நிற்கிறாள்.

"என்னைப் பற்றியோ எழுதுறீர்?"

"ஓம்."

"கடைசியில வீடு எழும்புதோ?"

"இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். "எல்லாத்தையும் சொல்லுறன்."

சொல்லிவிட்டேன். மரத்தை ஏற்றுவதா, சுவரைப் பிரிப்பதா என்று இனி அவள்தான் சொல்ல வேண்டும். உங்களைப் போலத்தான் வாசகரே, நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.