நாசர் நாட்டு மக்கள்தொகை

நாசருக்கு ஒரு நாடு இருந்தது. பேகம்பூரில் தோல் குடோனுக்கு மேற்பார்வை பார்க்கிற மனிதருக்கு நாடு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், போனில் வந்தது. மாயக்கதை எழுதுகிறவர்கள் தங்கள் உலகத்தைப் படைப்பது எப்படி என்று சொல்லித் தருகிற கையேடு ஒன்றை எங்கோ பார்த்து இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாக மத்தியானங்களில் படிக்கிறார். அது கேட்கிற கேள்விக்கெல்லாம் நோட்டில் பதில் எழுதுகிறார். ஆறு எத்தனை, மலை எத்தனை, ராஜா செத்தால் அடுத்து யார், எல்லாம் எழுதியாயிற்று. நாற்பதாயிரம் சனம். கதைதான் இன்னும் ஒரு வரி நகரவில்லை.

வீட்டில் சனம் ஒன்றுதான். மகன் யாசின் துபாயில், மகள் தஹ்சீன் சென்னையில். மகள் பிரசவத்துக்கென்று போன மனைவி நர்கீஸ் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. சண்டையா என்றால் அதுவும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது. யாராவது கேட்டால், "பெருநாளைக்கு வந்துருவா" என்பார். எந்தப் பெருநாள் என்று சொல்வதில்லை.

நோன்பு மாதம் வந்தால் இந்தப் பொய்க்குக் கை கால் முளைத்துவிடும். சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். தனி ஆட்கள் பொழுது சாயும்போது பள்ளியிலேயே உட்கார்ந்து நோன்பு திறந்துகொள்வார்கள். நாசர் வாளியோடுதான் போவார்.

"எத்தன பேருக்கு பாய்?" என்பார் கஞ்சி ஊற்றுகிற சேக் பரீது.

"நாலு பேருக்கு."

நாலு கரண்டி விழும். ஒரு கரண்டியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மூன்றைப் பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவியிடம் கொடுப்பார். அந்தம்மாள் ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொள்வாள். அவளுக்குத் தெரியும் என்று அதிலேயே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மனுஷன் நாடு ஆள்கிற மும்முரத்தில் இருந்தார்.

இருபதாம் நோன்பன்று காலையில் நர்கீஸ் போன் செய்தாள்.

"பெருநாளைக்கு எதிர்பாக்காதீக. இனி அங்கன வந்து நான் என்னத்தச் செய்யப்போறேன்?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானமாவது சொல்லிப் பார்த்திருப்பார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் குடோனில் வழக்கம்போலக் கையேட்டைத் திறந்தார். அன்றைய கேள்வி: உங்கள் நாட்டு மக்கள் எல்லோரும் நம்புகிற பொய் எது? அது உடைந்தால் யாருக்கு நஷ்டம்? நாசர் ரொம்ப நேரம் யோசித்தார். நாற்பதாயிரம் பேருக்கு ஒரு பொய் அகப்படவில்லை. சொந்தப் பொய்தான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நின்றது. அதை எழுதக் கை வரவில்லை. நோட்டை மூடும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கொஞ்சம் அழுதார்.

அசர் முடிந்து வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது.

"எத்தன பேருக்கு பாய்?"

"ஒரு ஆளுக்கு."

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சேக் பரீதுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. ஒரு கரண்டி ஊற்றினார்.

"நீங்களாச் சொல்லட்டும்னுதான் பாய் தெனமும் கேட்டேன். மத்தவுகள்ட்ட கேக்குறேனா, பாத்தீகளா? வாளியப் பாத்து ஊத்திருவேன்."

நாசர் வாளியின் மூடியை அழுத்தி மூடினார்.

"உள்ள வாங்க. எங்களோட உக்காந்து நோன்பு தொறங்க."

"நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு வாளியோடு கிளம்பினார்.

வாளி கனக்கவே இல்லை. பாதித் தெரு வந்ததும் நின்றுவிட்டார். நர்கீஸ் இனி வரமாட்டாள் என்பது தெருவுக்கு இரண்டு வருஷமாகத் தெரிந்த சேதி. நாசருக்கு அது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.