நாலு விவரம்

காலை ஏழு பத்துக்கு லிஃப்ட் மெக்கானிக் எங்கள் பேனாக் குழுவில் ஒரு படம் போட்டார். சாப்பாட்டு மேசை, அதன்மேல் தட்டுப் போட்டு மூடிய பாத்திரம், பாத்திரத்தில் சாய்த்து வைத்த ஒரு கடிதம். கீழே எழுதியிருந்தார்: "வீட்டுக்காரி லெட்டர் எழுதி வச்சிட்டுப் போயிட்டா. எங்க போனான்னு தெரியல. யாராவது உதவி பண்ணுங்க."

ஏழு பதினாலுக்குப் படம் நீக்கப்பட்டது. "நாலு விவரம் இல்லை" என்று வாத்தியார் காரணம் எழுதினார்.

வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் அல்ல. கூரியர் கம்பெனியில் பார்சலுக்கு எடை போடுகிறவர். குழுவை ஆரம்பித்தவர் என்பதால் அந்தப் பட்டம். இதற்கு முன் அவர் நடத்திய கைக்கடிகாரக் குழு, யாரோ போட்ட மாமனார் பிறந்தநாள் வாழ்த்தில் தொடங்கி மூன்றே வாரத்தில் நாசமாய்ப் போயிற்று. அந்தப் புண் அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே இங்கே இரண்டே விதிகள். கையெழுத்துப் படம் போட்டால் பேனா, நிப்பு, மை, தாள் என்று நாலு விவரமும் கொடுக்க வேண்டும். இரண்டாவது, பேனாவைப் பேசலாம், ஆளைப் பேசக் கூடாது. மீறினால் சிவப்புக் கறை ஒன்றின் படத்தை வாத்தியார் அனுப்புவார். அதற்குச் சிவப்பு மை என்று பெயர். மூன்று சிவப்பு மை வாங்கினால் வெளியே.

மெக்கானிக் ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தார். இரண்டும் மனைவியால் வந்தவை. முதல் தடவை இப்படி எழுதினார்: "நிப்பு வளைஞ்சு போச்சு. வீட்டுக்காரிதான் கம்பவுண்டர் கடைக்குப் போய் சரிபண்ணிட்டு வந்தா. பாவம், மழையில நனைஞ்சிட்டா." நிப்பு வளைந்தது சரி. நனைந்தது குடும்ப விஷயம். இரண்டாம் தடவை, "வீட்டுக்காரிக்கும் இப்ப பேனா ஆசை வந்திடுச்சு" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிப்புப் படமும் போட்டார். ஆசை என்பது ஆளைச் சேர்ந்தது என்று வாத்தியார் தீர்ப்பளித்தார்.

கம்பவுண்டர் என்று நாங்கள் சொல்வது ஒரு மருந்துக்கடைக்காரரை. கடையின் பின்பக்கம், மாத்திரை அலமாரிக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவே உட்கார்ந்து நிப்பு நிமிர்த்துவார். இருமல் மருந்து பாட்டிலில் சொந்தமாக மை கலப்பார். அந்த மாதம் அவர் கலந்த புது மைக்கு 'நனைந்த நீலம்' என்று பெயர் வைத்திருந்தார். குழுவில் ஒரே ஒரு கோடு இழுத்துக் காட்டியதோடு சரி. மாதக் கடைசிச் சந்திப்பில்தான் எல்லாருக்கும் தருவேன், அதுவரை ஒரு சொட்டு வெளியே போகாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் வாயில் எச்சில் ஊறக் காத்திருந்தோம்.

மெக்கானிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மாமனார் வீட்டில் போனை எடுத்து, இவர் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். கூட வேலை செய்கிறவரிடம் லிஃப்ட் குழிக்குள் நின்றபடி விஷயத்தைச் சொன்னபோது, "கயித்தை இறுக்கிப் பிடிண்ணே" என்று பதில் வந்தது. அவருக்கு மிச்சமிருந்தது நாங்கள்தான்.

எட்டு மணிக்கு மறுபடியும் போட்டார். இந்த முறை முறைப்படி. "பேனா: அவளோடது, எடுத்துட்டுப் போயிட்டா. நிப்பு: மீடியம்னு நினைக்கிறேன். மை: தெரியல. தாள்: லிஃப்ட் சர்வீஸ் படிவத்தோட பின்பக்கம். அவ எங்க போயிருப்பான்னு யாருக்காவது தெரியுமா?"

கடைசி வரியை மட்டும் நீக்கிவிட்டு வாத்தியார் பதிவை அனுமதித்தார். கருணையுள்ள மனிதர்தான்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவே: "சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிக்குங்க. நான் போறேன். தேட வேண்டாம். பேனா எல்லாத்தையும் கழுவித் துடைச்சு வச்சிருக்கேன். கறுப்புப் பேனாவோட மூடி லூசா இருக்கு, பாத்துக்குங்க. அன்புடன்."

குழு விழித்துக்கொண்டது.

"'கழுவி'யில அந்த 'ழு'வோட சுழியைப் பாருங்கப்பா! கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார் பல் டாக்டர்.

"கோடில்லாத தாள், வரி ஒண்ணுகூட சாயல. லேசுப்பட்ட காரியமில்ல தம்பி" என்றார் டைப்பிஸ்ட் அக்கா. முப்பது வருஷம் தட்டச்சு செய்துவிட்டுக் கையெழுத்துக்கு ஏங்கி எங்களிடம் வந்து சேர்ந்தவர்.

"அக்கா, 'போறேன்'ல மை தேங்கியிருக்கு பாருங்க" என்று மெக்கானிக் எழுதினார். "அந்த இடத்துல பேனாவை அப்படியே நிறுத்தியிருக்கா. போகலாமா வேண்டாமான்னு யோசிச்சிருக்கா, இல்ல?"

யாரும் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. இது தொழில்நுட்பக் கேள்வி. பல் டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துப் பழகிய கண். கால் மணி நேரம் கழித்து எழுதினார்: "தாள் மட்டம். மட்டமான தாள்ல மை இப்படித்தான் தேங்கும்."

மை எது என்பதுதான் மீதமிருந்த பிரச்சினை. நீலம் என்று தெரிகிறது, எந்த நீலம்? வாத்தியார் பன்னிரண்டு மணிவரை கெடு வைத்திருந்தார்; அதற்குள் நாலில் ஒரு விவரம் குறைந்தாலும் பதிவு போய்விடும். மெக்கானிக் கெஞ்சினார். அப்போது பல் டாக்டர் சொட்டுச் சோதனையை நினைவுபடுத்தினார். எழுத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மையில் கலந்த நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து ஓடும். எந்த மை என்று கண்டுபிடித்துவிடலாம். எழுத்துப் போய்விடும், அவ்வளவுதான்.

"லெட்டர்ல தண்ணி விடச் சொல்றீங்களா?" என்றார் மெக்கானிக்.

"முழு லெட்டர்ல இல்லப்பா, ஒரே ஒரு வார்த்தையில."

எந்த வார்த்தை என்று வாக்கெடுப்பு வைத்தோம். எங்கள் குழு ஜனநாயகம் உள்ளது. 'சாப்பாடு', 'தேட', 'அன்புடன்' என்று மூன்று வேட்பாளர்கள். மெக்கானிக் 'சாப்பாடு'க்குப் பிரசாரமே செய்தார். "அன்புடனை மட்டும் விட்ருங்கப்பா. வேணாம்னு முடிவு பண்ணிட்டுப் போறவ எதுக்கு அன்புடன்னு எழுதணும்? திரும்பி வர்ற எண்ணம் இருக்குன்னுதானே அர்த்தம்? அவ வந்தா அதைக் காட்டி நாலு வார்த்தை கேப்பேன்."

அவர் மனத்தில் இருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 'அன்புடன்' என்பதில்தான் மை கெட்டியாக விழுந்திருந்தது. நாற்பத்தோரு ஓட்டில் ஜெயித்தது. 'சாப்பாடு' வாங்கியது ஒன்று. அது அவருடையது.

பதினொன்றரைக்கு வீடியோ வந்தது. ஒரு விரல், விரல் நுனியில் ஒரு சொட்டு. சொட்டு விழுந்ததும் 'அன்புடன்' உப்பியது, கலங்கியது, காணாமல் போனது. அந்த இடத்தில் நீலம் வட்டமாய்ப் பரவியது. அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். ஓரத்தில் பாசி நிறத்தில் ஒரு கோடு.

"நனைந்த நீலம்!" என்று ஒரே நேரத்தில் எட்டுப் பேர் எழுதினோம். கைதட்டல் படங்கள் குவிந்தன. குழுவின் வரலாற்றில் இப்படி ஒரு கண்டுபிடிப்பு நடந்ததில்லை. அந்தச் சிவப்பு வளையம் வேறு எந்த மையிலும் வராது.

டைப்பிஸ்ட் அக்காதான் முதலில் நிதானத்துக்கு வந்தார். "அதை இன்னும் யாருக்கும் தரலையே தம்பி."

கம்பவுண்டர் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது: "ஆர்வத்துக்கு நன்றி. வளையம் நினைச்ச மாதிரியே வந்திருக்கு."

"கம்பவுண்டர் சார், அவ உங்க வீட்லயா இருக்கா?" என்று மெக்கானிக் கேட்டார்.

வாத்தியார் உடனே வந்தார். "இது ஆளைப் பற்றிய கேள்வி. மூன்றாவது சிவப்பு மை. ஆனால் இன்றைய பதிவின் தரத்தைக் கருதி ஐந்து நிமிஷம் அவகாசம் தருகிறேன். கேள்வியைத் திருத்தவும், அல்லது வெளியேறவும்."

நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே போனால் அவள் இருக்குமிடம் தெரிந்த ஒரே ஆளிடம் பேச அவருக்கு வழி இல்லை. மருந்துக்கடை அன்றைக்குப் பூட்டியிருந்ததைப் பல் டாக்டர் பார்த்திருந்தார்; கம்பவுண்டர் வீடு எங்கே என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நாலாவது நிமிஷத்தில் கேள்வி திருந்தி வந்தது.

"கம்பவுண்டர் சார், நனைஞ்ச நீலம் இப்ப எங்க இருக்கு? கடையிலயா, வீட்லயா?"

"வீட்ல."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. விடிஞ்சதுலேருந்து ரொம்ப நல்லா இருக்கு."

"வெயில் படாம வைங்க தம்பி, நீலம் சீக்கிரம் வெளுத்துடும்" என்று டைப்பிஸ்ட் அக்கா இடையில் சொல்லி வைத்தார்.

"திரும்பக் கிடைக்குமா சார்?"

கம்பவுண்டர் எழுதினார்: "பேனாவுல ஏத்தின மையைத் திரும்ப பழைய பாட்டில்ல ஊத்தக் கூடாது சார். உங்களுக்கே தெரியும்."

தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நாங்கள் அனுப்பும் வரவேற்புக் குறிப்பில் முதல் வரியே அதுதான். ஊற்றினால் இரண்டும் கெடும். பதினாலு பேர் கட்டைவிரல் உயர்த்தினோம். பதினைந்தாவதாக மெக்கானிக்கும் உயர்த்தினார். கருத்து சரியானது, வேறு என்ன செய்வார்.

கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு உதாரணம் என்று அந்த உரையாடலை வாத்தியார் குழுவின் உச்சியில் குத்தி வைத்தார்.

மாதக் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. எப்போதும்போல, போட்டோ ஸ்டுடியோ இருக்கிற ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் சந்திப்பு. மெக்கானிக் ஒன்பதுக்கே வந்து, சவரம் செய்த முகத்தோடு கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டரும் அவளும் பத்தே காலுக்கு வந்தார்கள். மெக்கானிக் பராமரிக்கிற லிஃப்ட்டில்தான் மேலே வந்தார்கள். ஒரு குலுக்கல்கூட இல்லை என்று கம்பவுண்டர் பாராட்டினார்.

மெக்கானிக் எழுந்தார். "சாப்பிட்டியா?" என்றார்.

வாத்தியார் மேசையில் விரலால் தட்டினார். "இங்கயும் அதே விதிதான் சார்."

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதற்கான மனு. "கையெழுத்துப் போடணுங்க. அவ்வளவுதான்."

"அன்புடன்னு ஏன் எழுதினே?"

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு யோசித்தாள். நியாயமாகவே யோசித்தாள். "லெட்டரை வேற எப்படிங்க முடிப்பாங்க?"

நாங்கள் அதற்குள் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டோம். கையெழுத்து என்றால் எங்களுக்குப் பசி தாகம் மறந்துவிடும். "எந்தப் பேனா அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார். மெக்கானிக் சட்டைப் பையைத் தொட்டார். கறுப்புப் பேனா. அவள் சொன்னபடியே மூடி லூசாகி, மை கசிந்து, பை முழுக்கக் கறை. கம்பவுண்டர் தன் பேனாவைத் திறந்து மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். "முதல் ஆளா நீங்களே எழுதிப் பாருங்க சார்."

மெக்கானிக் நிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து போட்டார். கடைசிச் சுழியில் பேனா நின்றது. மை தேங்கி, எல்லாப் பக்கமும் வேர் வேராய் ஓடியது.

"அய்யய்யோ, இழுங்க, இழுங்க!" என்றோம். அவர் இழுக்கவில்லை.

பல் டாக்டர் படம் எடுத்து நாலு விவரத்தோடும் போட்டார். அந்த மாதத்தின் சிறந்த பதிவாக அதுவே தேர்வானது. நனைந்த நீலம் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று ஆளாளுக்கு எழுதினோம். கறை ஏன் இவ்வளவு பெரிதாயிற்று என்று புதிதாய்ச் சேர்ந்த ஒருவர் கேட்டிருந்தார்.

மெக்கானிக்தான் பதில் சொன்னார். "தாள் மட்டம்."