நாலாவது நேயர்

கல்முனைப் பிராந்திய சர்வதேச இணைய வானொலி நேயர் பேரவை தோன்றுவதற்கு ஒரு நன்றிக் கடிதமே காரணம்.

ரொறன்ரோவில் சிலர் ஒரு வானொலி நடத்தினார்கள். விளம்பரம் இல்லை, முதலாளி இல்லை. கேட்பவர்கள் அனுப்பும் பணத்தில் ரொக், மெட்டல் பாட்டுகள் மட்டும் கம்பியூட்டர் வழியே போய்க்கொண்டிருந்தன. மருதமுனை நஜீம், கட்டாரில் இருக்கும் மச்சான் மூலம் பத்து டொலர் அனுப்பியிருந்தான். வானொலிக்காரர்கள் ஒரு வரியில் நன்றி எழுதி, மூன்று பேர் கையொப்பம் வைத்திருந்தார்கள்.

நஜீமுக்கு அந்தத் தாள் பெரிதில்லை. அதே உறைக்குள், அந்த வானொலியில் சேர்ந்திருந்த பழைய கூட்டாளி பவிதரன் எழுதிய துண்டு ஒன்று இருந்தது. "ஜூலை பதினேழு, சனிக்கிழமை, உங்கட நேரம் பின்னேரம் அஞ்சு மணி. முதல் தடவையா எனக்கு மைக் தாறாங்கள். நம்மட பாட்டைப் போடுவன். கேள்."

பாண்டிருப்புப் பவிதரன் கிற்றார், நஜீம் ட்ரம்ஸ். ட்ரம்ஸ் என்பது இரண்டு பால்மா டின்னும் ஒரு பிளாஸ்டிக் வாளியும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் ஒழுங்கைதான். எண்பத்தொன்பதில் ஒரேயொரு பாட்டை முடித்து, கசெற்றில் பதிந்தார்கள். தொண்ணூறில், தமிழ்-முஸ்லிம் கலவரத்தோடு, அந்த ஒழுங்கையைக் கடக்க இரண்டு பக்கத்திலும் ஆளில்லாமல் போயிற்று. பவிதரன் சொல்லிக்கொள்ளாமல் போனான். கசெற்றும் அவனோடு போனது. இந்த ஒன்பது வருடத்தில் நஜீமுக்குப் பாட்டின் நடுப்பகுதி மறந்துவிட்டது. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும், தான் வேலை செய்யும் மருந்துக்கடையின் கண்ணாடிக் கவுண்டரில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

இன்ரர்நெற் இருந்தது ஜவுபரின் கொமினிகேசன் கடையில். டெலிபோன் லைன் ஒன்றுதான். சனிக்கிழமைப் பின்னேரம் அது சவூதிக் கோல்களுக்கு உரியது.

"ஏலா மச்சான்," என்றான் ஜவுபர். "மாமா ஓமெண்டு செல்லட்டும், தாறன்."

மாமா என்பது அப்துல் ஸமட் ஹாஜியார், சமாதான நீதவான், ஏழு சங்கங்களின் தலைவர். நன்றிக் கடிதத்தைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தார்.

"மூணு பேர் ஒப்பம் வெச்சிரிக்கானுகள். இது லேசுப்பட்ட விசயமில்ல தம்பி. கனடா நம்மள அங்கீகரிச்சிரிக்கி."

எட்டே நாளில் பேரவை, அதைப் பேண ஒரு போசகர், றப்பர் முத்திரை எல்லாம் வந்துவிட்டன. நஜீம் உதவிச் செயலாளர் ஆனான். கதிரை அடுக்குவது அவன் பொறுப்பு.

பதினேழாம் திகதி நாலு மணிக்குக் கடைக்குள் குர்ஆன் கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை என்று ஒழுங்காக நடந்தன. "இன்று முதல் உலகம் எங்களைக் கேட்கப் போகிறது," என்றார் ஹாஜியார். கேட்கப்போவது நாங்கள்தான் என்று ஒருவரும் திருத்தவில்லை. அது பொன்னாடை போர்த்தும் நேரம்.

சரியாக ஐந்துக்கு மோடம் கீச்சிட்டது. பிறகு ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து கனடா முழங்கியது.

"அரிசி மில்லுக்குள்ள பூனை அம்பிட்ட மாதிரி இரிக்கி," என்றார் போசகர்.

ஹாஜியார் எழுந்து, "தொழில்நுட்பக் கோளாறு," என்று அறிவித்து, நன்றியுரையையும் தானே சொல்லி முடித்தார். சபை பற்றிஸைத் தின்றபடி கலைந்தது.

நஜீம் மட்டும் பெட்டியில் காதை வைத்திருந்தான். பேசியது கரகரத்த குரலில் ஒரு வெள்ளைக்காரி. ஐந்தேகால் வரை அவளேதான். பவிதரனுடைய பெயர்கூட வரவில்லை.

"உன்ட ஆள் மறந்திட்டான்டா," என்று ஜவுபர் லைனை வெட்டினான். "சுபைறாத்தாக்கு றியாத்தால கோல் வரும். உடு."

றியாத்திலிருக்கும் புருஷனின் கோலுக்காக அப்போதுதான் வந்து வாசலில் நின்ற சுபைறா, கைக்குட்டையால் விசிறியபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அஞ்சுக்கு எடுக்கிற எண்டுதானே காக்கா கடிதத்தில எழுதினாரு?" என்று கேட்டான் ஜவுபர். "இப்ப வாறீங்க?"

"அந்தாளு போனது தொண்ணூத்தஞ்சில. இஞ்ச கவர்மெண்டு மணிக்கூட்ட அரைமணி முன்னுக்குத் தள்ளிவெச்சது தொண்ணூத்தாறுல. எத்தின தரம் எழுதினாலும் அவருக்கு நாம இன்னம் பழைய நேரம்தான். அவருட அஞ்சு நமக்கு அஞ்சரை."

நஜீம் எழுந்து நின்றுவிட்டான். பவிதரன் போனது தொண்ணூறில்.

"ராத்தா," என்றான். "அஞ்சரைக்கு எனக்கு லைன் வேணும்."

சுபைறா அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆரு, பொண்டாட்டியா?"

"கூட்டாளி."

"எடு. லைன் கிடைக்காட்டித்தான் அந்தாளுக்கு என்ட ஞாபகம் கூட வாற."

நாலு தரம் டயல் செய்த பிறகுதான் பிடித்தது. ஐந்து முப்பத்தாறு. பெட்டி இரண்டு தரம் விக்கியது, பிறகு பவிதரனின் குரல் வந்தது. இங்கிலீஷ் பேசியது. மூக்கால் பேசியது. ஆனால் இடையில் மூச்சு வாங்குவது பழைய மாதிரியே இருந்தது.

அடுத்தது தன் ஊர்ப் பாட்டு என்றான். அதில் டின் அடித்தவன் இப்போது கேட்டுக்கொண்டிருப்பான் என்றான். அப்புறம் தமிழுக்கு மாறினான்.

"இஞ்ச எத்தின பேர் கேக்கிறாங்கள் எண்டு ஒரு பெட்டியில காட்டும். இவ்வளவு நேரமும் மூண்டு. இப்பதான் நாலாயிருக்கு. நஜீம், அது நீயெண்டா ஒருக்கா வெட்டிட்டுத் திருப்பி வா. மூண்டாகட்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கிறன்."

கிற்றார் தொடங்கியது. பதிவில் கரகரப்பு அதிகம். பத்து செக்கன் கழித்து டின் சேர்ந்தது, ஒரு அடி பிந்தி, அன்றைக்குப் பிந்திய அதே இடத்தில். நடுப்பகுதிக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கும்.

நஜீமின் கை மௌஸின் மேல் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வெட்டினான்.

"விசராடா உனக்கு?" என்றான் ஜவுபர். "இப்பதானே பாட்டுத் துவங்கின?"

"அவன் கேட்டான்."

மறுபடி இணைக்க நஜீம் கையை நகர்த்துவதற்குள் டெலிபோன் அடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். சுபைறா நஜீமையும் ஒருதரம் பார்த்தாள். இன்னும் இரண்டு தரம் அடிக்க விட்டுவிட்டு எடுத்தாள்.

"ஹலோ. ஓம், நான்தான். புள்ளையள் சுகம். இல்ல, நீங்க கதைங்க. கெதியாக் கதைங்க, இஞ்ச ஒராள் காத்துக்கொண்டு நிக்காரு."