இறங்கி ஏறுகிற மேடு

பந்தல்காரர்கள் வந்ததும் முதலில் காரைத்தான் சுற்றிவந்து பார்த்தார்கள். போனது யார் என்று அப்புறம்தான் கேட்டார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆவுடையப்பன் வீட்டு முற்றத்தில் நிற்கிற மஞ்சள் கார் அப்படி. பழைய ஸ்விஃப்ட்தான். ஆனால் முட்டையிட வந்த ஆமை மாதிரி தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும்.

ஒருவன் குனிந்து, காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தான். "ஏலே, செருப்புகூட நுழையாது போலிருக்கே. இத எடுத்தாத்தான் பந்தக்கால் நட முடியும்."

"நான் எடுக்கேன்," என்று ஜேசுபாதம் முன்னால் வந்தான். திரேஸ்புரத்துக்காரன். ஆவுடையப்பன் மகன் சிவசுப்பிரமணியனின் ஒர்க்‌ஷாப்பில் ஆரம்பத்திலிருந்து கூட நிற்கிறவன். தெருமுக்கில் கதவு திறந்தபடி அநாதையாகக் கிடந்த காரைக் காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டவனும் அவன்தான். சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சிவசுவின் காதருகே வந்தான்.

"அண்ணே, வண்டி நின்னுட்டுன்னு சொன்னிய. ஒரே அமுக்குல ஸ்டார்ட் ஆவுதே?"

"சூடு ஆறியிருக்கும்."

"விடியக்காலையில என்னண்ணே சூடு?"

"ஏலே, எடுத்து ஓரமாப் போடு. பேசாத."

ஜேசுபாதம் போகிற போக்கில், ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றைச் சொன்னான். "முன்னால பம்பர்ல ஒரு கீறல்கூட இல்லண்ணே. நல்லாப் பாத்துட்டேன்."

சிவசு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கார் தெருமுக்கிலேயே மக்கர் பண்ணிவிட்டது, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதுதான் அவன் அம்மாவிடம் சொன்னது. துக்கம் கேட்க வந்தவர்களிடமும் இதையேதான் சொன்னான். சொல்லச் சொல்ல அது நன்றாகப் பழகிவிட்டது.

தெருவுக்கு இது பாயசம். நாலு பிளாஸ்டிக் நாற்காலி தள்ளி உட்கார்ந்து, சிவசுவுக்குக் கேட்காது என்கிற நம்பிக்கையில் பேசிக்கொண்டார்கள்.

"தூத்துக்குடியிலேயே வேகமான காருன்னாம். தெருவத் தாண்டலியேய்யா."

"ஊரான் வண்டிக்கெல்லாம் வேகம் ஏத்துதான். சொந்த வண்டி பெத்த அப்பனுக்கு ஓடல."

இரண்டு வருடத்துக்கு முன்னால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் டை கட்டிய சூப்பர்வைசர் வேலையை உதறிவிட்டு, எட்டயபுரம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு 'எஸ்.எஸ். பெர்ஃபார்மன்ஸ்' என்று சிவசு போர்டு மாட்டியபோதே தெரு ஒருமுறை சிரித்து ஓய்ந்திருந்தது. பஞ்சர் ஒட்ட அங்கே போகக்கூடாது. ஆயில் மாற்றப் போனால் அவன் முகம் சுருங்கும். லேப்டாப்பைக் காரில் சொருகி, இன்ஜினின் மூளைக்குள் இருக்கிற கணக்கை மாற்றி எழுதி, வேகம் ஏற்றித் தருவதுதான் தொழில். "இங்கிட்டு ஹார்பர், அங்கிட்டு உப்பளம். அவ்வளவு வேகத்துல எங்கன போவப் போறானுவ?" என்று கேட்டாள் முக்கு வீட்டு உமாராணி. நியாயமான கேள்விதான். ஆனாலும் காயல்பட்டினத்திலிருந்தும் நாசரேத்திலிருந்தும் வண்டிகள் வந்தன. வேலை முடிந்த வண்டியை, ஓட்டிப் பார்க்கிறேன் என்று சிவசு தெருவுக்குள் கொண்டுவருவான். பால்காரரின் சைக்கிள் இரண்டு முறை சாக்கடைக்குள் போனது.

அதற்குப் பிறகுதான் தெருமுக்கில் அந்த மேடு வந்தது. வேகத்தடை என்று பெயர். கான்கிரீட்டில் பனைமரத்தைப் படுக்கப் போட்டது போல இருக்கும். கவுன்சிலரைப் பார்க்கப் போன கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவர் ஆவுடையப்பன். "பிள்ளைய கையால புடிச்சு நிறுத்த முடியல, மேடு போட்டாவது நிறுத்துவோம்," என்றாராம். மேட்டைப் போட்ட வாரமே சிவசு தன் காரை இன்னும் இரண்டு விரல்கடை இறக்கினான்.

"இந்தக் காருதாம்பா எனக்கு போர்டு. பாத்துத்தான் ஆளு வருது. உயரமா நின்னா யாரு திரும்பிப் பாப்பா?"

எடை குறையவேண்டும் என்று பின்சீட்டையும் கழற்றிவிட்டான். பேச்சித்தாய்க்கு மகன் காரில் இடமில்லாமல் போனது. கல்யாண வீடானாலும் கோயிலானாலும் அவளும் மருமகள் பேச்சிச்செல்வியும் ஷேர் ஆட்டோ. ஆவுடையப்பன் மட்டும் முன்சீட்டில். அதுவும் முழுசாக இல்லை. மேடு வந்ததும் இறங்கிவிடுவார். ஆள் இருந்தால் பம்பர் இடிக்கும், இறங்கினால் தப்பும். மேட்டின் மேல் நடந்து அந்தப் பக்கம் போய், திரும்பி நின்று, குந்தி உட்கார்ந்து காரின் அடியைப் பார்ப்பார். எழுந்து கை காட்டுவார்.

கை காட்டுவது அவர் செய்த வேலை. ஹார்பரில் கப்பலின் மேல்தளத்தில் நின்று, உயரத்தில் இருக்கும் கிரேன்காரனுக்குச் சைகை சொல்கிற ஆள். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல அசைத்தால், மெதுவாக வா. முஷ்டியை மூடினால், நில். ரிட்டயரான பிறகு கை சும்மா கிடந்தது. மகன் காருக்கு அது மறுபடி வேலை செய்தது. டன் கணக்கில் சரக்கு இறக்குகிற மாதிரி அத்தனை கவனம். உமாராணி தன் கேட்டில் சாய்ந்தபடி, "அண்ணாச்சி, கப்பலு கரை சேந்துட்டா?" என்பாள். அவரும் சளைக்காமல், "சேந்துட்டு, சேந்துட்டு. நீ சரக்க எண்ணிக்க," என்று சொல்லிக் காரில் ஏறுவார்.

"உயரத்த ஏத்திருதேம்பா. ஸ்பேனர் வச்சுத் திருகுனா ஒரு காலை வேலதான்," என்று சிவசு அடிக்கடி சொன்னான்.

"வேண்டாம்ல. நான் எறங்கிக்கிடுதேன். சுகருக்கு நடந்த மாதிரியும் ஆச்சு."

அந்த ஒரு காலை வராமலே போய்விட்டது.

இன்று விடியக் கருக்கலில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். பனியன் நனைந்திருந்தது. சிவசு ஆம்புலன்ஸுக்குப் போனை எடுத்தான்.

"வாயுப் பிடிப்புல. அதுக்கா ஆம்புலன்ஸு? உன் வண்டி வாசல்ல நிக்கையில வேற வண்டி வந்தா தெரு சிரிக்கும்லா."

அந்த நேரத்திலும் சிவசுவுக்கு அது பிடித்திருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டான். அம்மாவும் பேச்சிச்செல்வியும் பின்னால் ஆட்டோவில் வருவதாக ஏற்பாடு. பின்சீட்டுதான் இல்லையே.

மேட்டருகே கார் நின்றது. அப்பா கதவைத் திறந்தார். இறங்காதீங்க என்று சொல்ல அவன் வாய் திறக்கவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. தினமும் நடக்கிற காரியம் மாதிரி இருந்தது.

"பம்பர் இடிக்கும்லா. இரி, எறங்கிக்கிடுதேன்."

பால் பாக்கெட் எடுக்க வந்த உமாராணி வழக்கம்போலக் கேட்டாள். "என்ன அண்ணாச்சி, கோழி கூப்பிடும் முன்னயே கப்பலா?" அவர் திரும்பாமலே நடந்தார். மேட்டில் ஏறி இறங்கினார். குந்தி உட்காரவில்லை. அதையும் சிவசு கவனித்தான், கவனித்து, இன்றைக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டான். ஹெட்லைட் வெளிச்சத்தில் அப்பாவின் உள்ளங்கை கவிழ்ந்து அசைந்தது. கார் ஒருச்சாய்ந்து ஏறியது. பாதி ஏறும்போது கை சட்டென்று முஷ்டியாக மூடியது.

பிரேக்கை மிதித்தான். இறங்கினான். இறங்கி, பம்பருக்கு முன்னால் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான்.

"எங்கனப்பா இடிக்கு?"

எங்கேயும் இடிக்கவில்லை. ஒரு விரல் இடைவெளி நன்றாகவே தெரிந்தது. "இடிக்கலியேப்பா," என்று சிரித்தபடி எழுந்தபோது அப்பா ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். மூடிய முஷ்டி நெஞ்சின் மேல் இருந்தது.

ஆட்டோவை மறித்து நிறுத்தியது உமாராணிதான். பால் பாக்கெட் அவள் காலடியில் உடைந்து ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அவள் பந்தலுக்குள் வந்தாள். சிவசு வாசல் பக்கமாக ஒதுங்கினான். கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வரும் முன் அந்தச் செய்தி வருவது அவள் வாயில்தான். யார் வீட்டில் யார் வந்தார்கள், என்ன குழம்பு, ஏன் சண்டை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெண்கள் அவளைப் பார்த்ததும் விலகி இடம் விட்டார்கள்.

"ஏளா உமா, நீதான காலையில பாத்தியாம்? என்னதான் ஆச்சு?"

உமாராணி பேச்சித்தாயின் அருகில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற சிவசுவை ஒரு பார்வை பார்த்தாள். தெரு காதைத் தீட்டியது.

"நான் என்னத்தக் கண்டேன்? பால் பாக்கெட் எடுக்க வந்தேன். வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு. ஆட்டோவக் கூப்பிட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று உமாராணி ஒரு கதையை முடித்து யாரும் கேட்டதில்லை. பெண்கள் ஏமாந்து போனார்கள். அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

பேச்சித்தாய் மகனைக் கூப்பிட்டாள். "கடைசியா எதுவும் சொன்னாவளாய்யா?"

"இல்லம்மா."

"என்னையக் கேட்டாவளா?"

"நீ பின்னால வாரேன்னு சொன்னேன். தலைய ஆட்டுனாவ."

"சீட்டுல சாஞ்சு இருந்தாவளா? நோவு தெரிஞ்சிருக்குமா?"

"சாஞ்சுதாம்மா இருந்தாவ," என்றான்.

மத்தியானத்துக்கு மேல் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். இளவட்டங்கள், முகத்தில் துக்கம், காலருக்குக் கீழே கூலிங் கிளாஸ். மரியாதைக்காக முக்கிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு பைக்குகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காயல்பட்டினத்து அஃப்ஸல், துபாயிலிருந்து வந்து ஆசையாக ஒரு கார் வாங்கியிருப்பவன், சிவசுவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

"ரொம்ப வருத்தமா இருக்கு அண்ணாச்சி." பிறகு தொண்டையைக் கனைத்தான். "நம்ம வண்டி... அடுத்த வாரம்னு பேசியிருந்தோம். இப்ப அவசரமில்ல. பெறவு பாத்துக்கிடலாம்."

அவன் போனதும் ஜேசுபாதம் வந்தான். பொரிந்தான். "என்னண்ணே இது? வண்டி நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லும். ஓராளு விடாம, 'சிவசு அண்ணன் வண்டியே நின்னுட்டாம்ல'ங்கானுவ. நாளைக்கு எவன் நம்மள நம்பி வண்டிய விடுவான்?"

"விடாட்டி போட்டும்."

"அண்ணே, நின்னுச்சா இல்லியா?"

சிவசு ஓரமாக நின்ற மஞ்சள் காரைப் பார்த்தான். அதன் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

"நின்னுச்சுல," என்றான்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பேச்சித்தாயின் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வெயில் தாழ்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாம் விரைந்து நடந்தன. நீர்மாலை எடுத்தார்கள், குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். கட்டுப் போடும்போது அப்பாவின் வலதுகை விரல்கள் பிரியாமல் இருந்ததாக யாரோ சொன்னார்கள். சிவசு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சொர்க்க ரதம் என்று எழுதிய வண்டியில் ஏற்றினார்கள். கொள்ளிச் சட்டியோடு சிவசு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். எதிரே சித்தப்பா பிச்சையா. சங்கு முன்னால் போனது. பெண்கள் பின்னால் வந்தார்கள். அவர்களுக்குத் தெருமுக்கு வரைதான்.

முக்கு நெருங்கியது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்துங்க," என்றான் சிவசு.

"என்னல?"

சட்டியைச் சித்தப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அவன் பின்பக்கமாக இறங்கினான்.

"ஏலே, இந்த வண்டி தாராளமாப் போவும்ல. இது என்ன உன் காரா?" என்றார் சித்தப்பா.

அவன் வெறுங்காலோடு மேட்டில் ஏறினான். கான்கிரீட்டில் பகலெல்லாம் வாங்கிய சூடு அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் இறங்கித் திரும்பி நின்றான். குந்தி உட்கார்ந்து வண்டியின் அடியைப் பார்த்தான். எழுந்தான். வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல அசைத்தான்.

சங்கு ஊதுகிறவர் எதற்கென்று தெரியாமல் நிறுத்திவிட்டார். பெண்கள் கூட்டத்தின் முன்னால் பேச்சித்தாய் நின்றிருந்தாள். அவள் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பிறகு மேட்டைப் பார்த்தாள். மெதுவாக உமாராணியின் பக்கம் திரும்பினாள். உமாராணி தன் வீட்டுக் கேட்டின் கொண்டியைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் கிளட்ச்சை விட்டார். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. எங்கேயும் இடிக்கவில்லை.

வண்டி முழுதாக மேட்டைத் தாண்டி வந்த பிறகும் சிவசுவின் கை அப்படியே நீண்டிருந்தது. நிறுத்துவதற்கு முஷ்டியை மூடவேண்டும். அவன் மூடவில்லை. இன்னும் வரச் சொல்கிறான் என்று நினைத்தோ என்னவோ, டிரைவர் நிறுத்தாமல் அவனைக் கடந்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்.