ஏழாம் ரீல் சட்டம்

பழைய உளவாளிப் படங்களின் பின்னணி இசைக்காக உயிரை விடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அவர்கள் வீட்டிலேயே சிரிக்கத்தான் செய்கிறார்கள். 'ஒற்றர் படை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டு இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து இசைத்தட்டின் இரண்டு பக்கத்தில் அடங்கியதை மட்டும் போட்டுவிட்டு மீதியைக் கம்பெனிக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள் என்பது அவர்களுடைய தீராத மனக்குறை. அந்த மீதியையும் சேர்த்து மறுபடி வெளியிடுங்கள் என்று கம்பெனிகளை நச்சரிப்பதே வேலை. பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் ஒரு ட்ரம்பெட் இடது காதில் கேட்க வேண்டுமா வலது காதில் கேட்க வேண்டுமா என்று நாள்கணக்கில் முறுக்கிக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் 'ஏழாம் ரீல்' என்று ஒருவர். தொழில் லிப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்டின் தலைமேல் உட்கார்ந்து கிரீஸும் அழுக்குமாகப் பொழுதைக் கழிக்கிறவர். குழு செல்லமாகக் 'கூரைப் படம்' என்று அழைக்கும் படத்தில், உளவாளி காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தூதரகத்தின் கண்ணாடிக் கூரைமேல் நடப்பான். அது ஏழாவது ரீல். வயலின்கள் எல்லாம் சட்டென்று நின்றுபோகும். மௌனம். அப்புறம் ஒரே ஒரு புல்லாங்குழல். குழுவில் எந்தப் பேச்சு ஓடினாலும் சரி, இவர் கடைசியில் வந்து ஒரே வரி எழுதுவார்: "எனக்கு ஏழாம் ரீல் முழுசா வேணும்." அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஏன் வேண்டும் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் குழலை வாசித்தது அவர் மனைவி.

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது? மறுநாளே பேட்டி கேட்பார்கள். அம்மா என்ன குழல் வைத்திருந்தார்கள், மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றார்கள் என்று குடைந்து எடுப்பார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று ஒருத்தனும் கேட்கமாட்டான். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவள். வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் தட்டுவாள். இவர் தெரிந்துகொண்டே உள்ளிருந்து, "யாரது?" என்பார். "நான்தான்" என்பாள் அவள். அந்தத் 'தான்'-ஐ ஓர் இழுப்பு இழுப்பாள், இந்த வீட்டுக்கு வேறு எவள் வரப்போகிறாள் என்கிற தோரணையில். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு. கூரைக் காட்சியைப் பதிவு செய்த அன்று, முதல் டேக்கில், மௌனம் முடிவதற்குள் அவசரப்பட்டுக் குழலை ஊதிவிட்டாள். வாத்தியக் குழுவைக் கையசைத்து நடத்துகிற கண்டக்டர் கையை இறக்கிவிட்டு, "யாருப்பா அது?" என்று கேட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள், வீட்டு வாசலில் நிற்கிற நினைப்பில், "நான்தான்" என்று இழுத்துவிட்டாள். கூடமே விழுந்து விழுந்து சிரித்ததாம்.

"மானமே போச்சு. டேப்புல வேற விழுந்துடுச்சு," என்று அன்று சாயங்காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மகள் தத்தித் தத்தி நடை பழகிய நாளில் ஒரு காய்ச்சல் வந்து மனைவியைக் கொண்டுபோனது. புகைப்படங்கள் இருந்தன. நாலைந்து சினிமாக்களில் அவள் வாசித்த குழல் இருந்தது. குரல் எங்கேயும் இல்லை. டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள், வாங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உலகத்தில் அவள் பேசியதில் மிஞ்சியது அந்த ஒரே சொல், அதுவும் எந்தக் கிடங்கில் மக்கிக்கொண்டிருக்கிறதோ தெரியாத ஒரு டேப்பில்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா எப்படிப்பா பேசுவாங்க?"

"கொஞ்சம் கரகரன்னு. ஆனா கேக்க நல்லா இருக்கும்."

"சொல்லிக் காட்டுங்களேன்."

மாட்டார். ஒலிப்பதிவுக் கூடத்துக் கதையை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வார், கொஞ்சினாலும் அழுதாலும் அதை மட்டும் செய்யமாட்டார். தன்னுடைய தகரக் குரலில் ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளை மனதில் அதுவே அம்மாவாகச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும், நிஜக் குரல் வரும்போது உட்கார இடமிருக்காது என்று பயம். "டேப் இருக்கு கண்ணு. ஒருநாள் வரும். அப்ப அம்மாவே சொல்லுவா," என்பார். மகள் வளர்ந்து, ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகும் அதே பதில்தான்.

அவருக்கே இப்போது ஒரு கிலி பிடித்திருந்தது. லிப்டுக்குள் "கதவு மூடுகிறது" என்று சொல்லும் ஒரு பெண் குரல் உண்டு. அது பொழுதன்னைக்கும் காதில் விழுந்து விழுந்து, மனைவியின் குரலை நினைத்துப் பார்க்கப் போனால் சில நாள் அந்தக் குரல் முந்திக்கொண்டு வந்து நின்றது. யாரோ ஒரு முகம் தெரியாத பெண், பாவம், அவளை என்ன சொல்வது? ஆனாலும் அந்த நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனிதான் தலைப்பில் இருக்கும் அந்தச் சட்டத்தின் கதை. பல வருடங்களுக்கு முன் வேறோர் உளவாளிப் படத்தின் இசை மறுவெளியீடாக வந்தது. கூடத்தில் வாத்தியக்காரர்கள் பேசியது, இருமியது, நாற்காலியை இழுத்தது எல்லாம் அப்படியே உள்ளே இருந்தன. அந்தக் காலத்துக்கே போய்விட்ட மாதிரி இருக்கிறது என்று குழு உருகியது. இவருக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ ஒருத்தன் தொண்டையைச் செருமியது பத்திரமாக இருக்கிறது, அவளுடைய ஒரு சொல்லுக்கு வழியில்லை. அந்த வயிற்றெரிச்சலில் உட்கார்ந்து எழுதித் தள்ளினார்: "இசை கேட்க வந்தவனுக்கு எதற்கு ஊர்ப்பேச்சு? எவன் இருமினால் எனக்கென்ன? பேச்சையெல்லாம் வெட்டிக் குப்பையில் கொட்டுங்கள்."

கோபத்தில் எழுதுவது நன்றாக அமைந்து தொலைத்துவிடுகிறது. உருகிய கூட்டம் அப்படியே அந்தர்பல்டி அடித்தது. 'ஏழாம் ரீல் சட்டம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எந்த மறுவெளியீடு வந்தாலும், "சட்டப்படி சுத்தமா இருக்கா?" என்பதே முதல் கேள்வி ஆயிற்று. அவர் அதை மறுக்கவில்லை. பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? நாளடைவில் எதற்காக அதை எழுதினோம் என்பதே அவருக்கு மங்கிவிட்டது.

குழுவில் 'சவுண்டு தம்பி' என்று ஒருத்தன் இருந்தான். ஒற்றர் படையிலேயே வளர்ந்து, பழைய டேப்புகளைச் சரிசெய்து மாற்றுகிற வேலையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தவன். போன வருடம் ஒரு நாள் அவன் போன் செய்தபோது இவர் லிப்டின் தலைமேல் இருந்தார்.

"அண்ணே, உக்காந்துக்கங்க. கூரைப் படம் ஒரிஜினல் டேப் கிடைச்சிடுச்சு."

கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே குழிக்குள் போய் விழுந்தது. "முழுசா இருக்கா தம்பி?"

"முழுசா இருக்குண்ணே. பெட்டி மேலே முதல் டேக்னுகூட எழுதியிருக்கு."

"முதல் டேக்கையும் போடுங்க. முழுசா போடுங்க."

"உங்களுக்காகவே போடுறேண்ணே. முழுசா."

அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுசா என்றால் முழுசாதானே, அதற்குமேல் என்ன விளக்கம் என்று மென்று விழுங்கிவிட்டார். அவருக்கு முழுசு என்றால் அந்த நாளின் மூச்சுப்பேச்சு எல்லாம் சேர்த்து. ஒற்றர் படைக்காரனுக்கு முழுசு என்றால் இசை, இசை மட்டும். அவர்கள் எல்லோருக்கும் அப்படிச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

மறுவெளியீட்டின் இசைத்தட்டுப் பெட்டி வந்து சேர்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளும் வந்துவிட்டாள். கணவன் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். தந்தை இரண்டு முறை துடைத்து வைத்திருந்த பிளேயரை அவள் இன்னொரு முறை துடைத்தாள். மின்விசிறி சத்தம் குறுக்கே வரும் என்று அதை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். பிறகு தரையில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே, சின்னப் பிள்ளைபோல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அட்டை கிழிந்துவிடாமல் அவர் பெட்டியை ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பித் திறந்தார்.

"அழக்கூடாது," என்றார்.

"நீங்க அழாம இருங்க, போதும்," என்றாள் மகள்.

முதல் டேக். வயலின்கள் தவழ்ந்து தவழ்ந்து மேலே ஏறின. நின்றன. மௌனம் விழுந்து ஒரு கணம் ஆவதற்குள், தப்பான இடத்தில், குழல் ஒலித்தது. மகள் அவர் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டாள். ஏதோ ஒரு வயலின் தடுமாறி, இழுத்து, அடங்குகிற சமயம், தூரத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது.

"யாருப்பா அது?"

அவ்வளவுதான். அடுத்து இரண்டாவது டேக் தொடங்கிவிட்டது. வயலின்கள் மறுபடி தவழ்ந்தன, மௌனம் மறுபடி விழுந்தது, இந்தத் தடவை குழல் சரியான இடத்தில் அத்தனை அழகாக வந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்கவில்லை.

போன் அடித்தது. சவுண்டு தம்பிதான். அவர் எழுந்து சமையலறைக்குள் போனார்.

"கேட்டீங்களாண்ணே? எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு தம்பி."

"கண்டக்டர் பேசுறது மட்டும் ஒரு துளி இருக்கும், கோச்சுக்காதீங்க. வயலின் அடங்குறதுக்குள்ள பேசிட்டாரு, வெட்ட முடியல."

"அதுக்கு அப்புறம்... டேப்புல என்ன இருந்தது?"

"அப்புறம் ஒண்ணுமில்லண்ணே, வெறும் பேச்சும் சிரிப்பும். டேப் மேல இருக்கிற பூச்சு உதிர ஆரம்பிச்சிடுச்சு. ஒரு தடவைக்கு மேல ஓடாதுன்னு தெரிஞ்சுபோச்சு. உதிர்ற பூச்சு மெஷின்ல அப்பி அடைக்கிறதுக்குள்ள ரெண்டாவது டேக்கைக் காப்பாத்தியாகணுமேன்னு, நடுவுல இருந்த பேச்சை வேகமா ஓட்டித் தள்ளினேன். ஓட்டின வேகத்துல அந்த இடம் மட்டும் மொத்தமா உரிஞ்சு கொட்டிடுச்சு. ஆனா இசை ஒரு இழைகூடப் போகலண்ணே." அவன் குரலில் பெருமை வழிந்தது. "உங்க சட்டம்தான் மனசுல ஓடிக்கிட்டே இருந்தது."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "யார் பேசினாங்க? உங்க காதுல ஏதாவது விழுந்ததா?"

"ஓட்டுறப்ப கீச்சுன்னு போச்சுண்ணே. ஏதோ பொம்பளக் குரல் மாதிரி இருந்தது. கவனிக்கல. ஏன், முக்கியமா ஏதாவது?"

ஒரு வார்த்தை போதும், அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நிம்மதியாகத் தூங்கமாட்டான். ராத்திரி பகல் பார்க்காமல் ஆசையாசையாய்ச் செய்திருக்கிறான். அவன் மேல் கோபப்பட முயன்று பார்த்தார். வரவில்லை.

"இல்ல தம்பி, சும்மாத்தான் கேட்டேன். ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். பிறகும் கொஞ்ச நேரம் குழாயை மூடாமல் நின்றார்.

கூடத்துக்கு வந்தபோது மகள் அதே இடத்தில் இருந்தாள்.

"இன்னொரு தட்டு இருக்கேப்பா. அதுல வருமா?"

"வராது கண்ணு. டேப் அந்த இடத்துல போயிடுச்சாம்."

"போயிடுச்சுன்னா?"

"போயிடுச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அழுத்தி முதல் டேக்கை மறுபடி ஓடவிட்டாள். வயலின்கள், மௌனம், தப்பான குழல்.

"யாருப்பா அது?"

கண்டக்டர் இந்தத் தடவை குழல்காரியைக் கேட்ட மாதிரி அவருக்குப் படவில்லை. பேச்சையெல்லாம் வெட்டிக் குப்பையில் கொட்டச் சொன்னது யார்? பெண்டாட்டியின் ஒரே ஒரு சொல்லைக் கேட்டு வாங்க வாய் வராமல், முழுசா முழுசா என்று பூசி மெழுகிக்கொண்டு திரிந்தது யார்? நேராக இவரைப் பார்த்துத்தான் கேட்கிறார்.

"நான்தான்," என்றார்.

குரல் உடைந்து, கரகரத்து, அந்தத் 'தான்' தானாகவே இழுபட்டது.

மகள் விருட்டென்று திரும்பினாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இப்படித்தானா? அம்மா இப்படித்தான் சொன்னாங்களா? இத்தனை வருஷமா சொல்லிக் காட்டவே மாட்டேன்னீங்களேப்பா."

இல்லை கண்ணு, அது அம்மா இல்லை, நான் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கண்ணைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் சொல்லிப் பழகினாள். அதே கரகரப்பு, அதே உடைசல், அதே இழுப்பு. ஒன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடி பொத்தானை அழுத்தினாள். கண்டக்டர் கேட்டு முடித்ததும் அவளே பதில் சொன்னாள்.